3060-ஆ, 4060-ஆ? ஒரு பிள்ளையார்பாளையத்துக் கணக்கு



"டீச்சர், நீங்க கிராபிக்ஸ் கார்டு விசாரிக்கிறீங்களாமே, கேம் ஆடப் போறீங்களா?" என்று இந்த மாதத்தில் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். ஆளாளுக்குத் தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே பதிவாகப் போட்டுவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். விடை மட்டும் வேண்டும் என்று கடைசிக்கு ஓடாதீர்கள். வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதிய நோட்டுக்கு நான் மார்க் போட்டதில்லை, உங்களுக்கே தெரியும்.

விஷயம் இதுதான். பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் அக்காவின் பேரன் டிப்ளமோ முடித்துவிட்டு, ஜக்கார்டு அட்டைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிற வேலை செய்கிறான். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பூவும் மயிலும் வரைந்து கொடுத்தால், அட்டை அடிக்கிறவர் அதைப் பார்த்துத் துளை போடுவார். ஒரு டிசைனுக்கு இவ்வளவு என்று கூலி. அவன் அப்பாவுக்கு, அதாவது அக்கா மகனுக்கு, வீட்டில் இரண்டு தறி. ஒன்று ஓடுகிறது. இன்னொன்றில் பாவு இல்லை.

பையன் ஒரு வருஷமாக பிளெண்டர் என்ற மென்பொருளைத் தானே கற்றுக்கொண்டான். இலவச மென்பொருள். 2002-லிருந்து அதன் மூல நிரலே எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. அதில் அவன் என்ன செய்கிறான் என்றால், நெய்யாத சேலையை ஒரு பொம்மைக்குக் கட்டி நடக்க வைக்கிறான்! முந்தி காற்றில் ஆடுகிறது, ஜரிகை வெளிச்சத்தில் மின்னுகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாம்பிள் சேலை நெய்ய வேண்டுமானால் பட்டு வாங்கி, சாயம் போட்டு, பாவு பிணைத்து, நாள்கணக்கில் தறிக்குழியில் உட்கார வேண்டும். கடைக்காரர் வந்து "பார்டர் கலர் சரியில்லையே" என்று உதட்டைப் பிதுக்கினால் அத்தனை பணமும் பீரோவில் முடங்கும். முன்கூட்டியே படமாகக் காட்டிவிட்டால் அந்த நஷ்டம் இல்லை.

ஆனால் அவன் கம்ப்யூட்டரில் தனி கார்டு கிடையாது. ஒரு நொடிப் படத்துக்கு 24 காட்சிகள் வேண்டும். அந்த ஒரு நொடியைச் செய்ய ஒரு ராத்திரி முழுக்க மெஷின் ஓடும். காலையில் பார்த்தால் பாதியில் கரன்ட் போயிருக்கும்.

அக்காவிடம் சீட்டு எடுத்த பணம் 32,000 ரூபாய் இருந்தது. நின்றுபோன தறிக்குப் பாவு போட வைத்திருந்த பணம். பையன் அதைக் கார்டுக்குக் கேட்டான். அப்பா பாவுக்குக் கேட்டார். "கம்ப்யூட்டர்ல சேலை வரைஞ்சா யாரு சித்தி கட்டிக்குவாங்க?" என்று என்னிடமே வந்து கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அக்கா, "நீதான் படிச்சவ, நீ சொல்லு" என்று பணத்தை என் மடியில் வைத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டார். ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தில் கிராபிக்ஸ் கார்டு பாடமாக இல்லை. ஆனால் பெருக்கல் வகுத்தல் இருந்தது. அதை வைத்துத்தான் ஒரு 80 பக்க நோட்டு போட்டேன்.

போட்டியில் இருந்தவை இரண்டு. இரண்டுமே என்விடியா நிறுவனத்தின் கார்டுகள். ஆர்டிஎக்ஸ் 3060, இது 2021 பிப்ரவரியில் கடைக்கு வந்தது. ஆர்டிஎக்ஸ் 4060, இது 2023 ஜூனில் வந்தது. பெங்களூருவில் இருக்கும் என் மாணவன் ஒருவன் "கண்ணை மூடிக்கிட்டு 4060 வாங்குங்க டீச்சர்" என்றான். ஒரகடத்தில் வேலை செய்யும் இன்னொருவன் "3060, 12 ஜிபி, அதுல மாற்றுப் பேச்சே இல்ல" என்றான். எட்டாம் வகுப்பிலும் இவர்கள் இரண்டு பேரும் ஒரு விடையில் ஒத்துப்போனதில்லை.

முதலில் கார்டு என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வோம். நம் திரை 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம். பெருக்குங்கள்: 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 தடவை மாற்றி வரைய வேண்டும் என்றால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். கம்ப்யூட்டரின் மூளையான சிபியூ என்பது வகுப்பில் முதல் பெஞ்சில் இருக்கும் ஆறேழு கெட்டிக்காரப் பிள்ளைகள் மாதிரி. எந்தக் கணக்கும் போடுவார்கள், ஆனால் ஆள் குறைவு. கார்டு என்பது மூவாயிரம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். கூட்டலும் பெருக்கலும் மட்டும்தான் தெரியும், ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் போடுவார்கள்.

3060-இல் அப்படி 3584 பிள்ளைகள். 4060-இல் 3072 பேர்தான். "அப்ப பழசுல ஆள் அதிகமா இருக்கே" என்று அக்காவே கேட்டுவிட்டார். சரியான கேள்வி! ஆனால் ஒரு பிள்ளை எவ்வளவு வேகமாகப் போடுகிறது என்றும் பார்க்க வேண்டுமே. 3060-இன் உச்ச வேகம் நொடிக்கு 177.7 கோடி துடிப்பு. 4060-க்கு 246 கோடி. ஒரு துடிப்புக்கு ஒவ்வொருவரும் இரண்டு கணக்கு. பெருக்கினால் 3060 நொடிக்கு ஏறக்குறைய 12.7 லட்சம் கோடி கணக்கு, 4060 ஏறக்குறைய 15.1 லட்சம் கோடி. ஆள் குறைந்தும் புதுசு சுமார் 19 சதவீதம் முன்னால் நிற்கிறது. பெங்களூருக்காரன் பக்கம் ஒரு மார்க்.

அடுத்தது மின்சாரம். முழு வேலையில் 3060 குடிப்பது 170 வாட். 4060 வெறும் 115. வித்தியாசம் 55 வாட். பையன் தினம் நாலு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லுக்கு 13 யூனிட் சொச்சம் கூடும். வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் போனால் காசு. பெரிய தொகை இல்லை, ஆனால் நெசவு வீட்டில் ஒவ்வொரு யூனிட்டையும் கணக்கில் வைப்பார்கள். அதுவும் பெங்களூருக்கே.

இதோடு நிறுத்தியிருந்தால் 4060 ஜெயித்திருக்கும். இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

தறியை நினைத்துக்கொள்ளுங்கள். நெய்கிறவர் எவ்வளவு வேகமாக நாடாவை வீசினாலும், கைக்கெட்டும் தூரத்தில் தார் சுற்றி வைத்திருக்க வேண்டும். தார் தீர்ந்தால் தறி நிற்கும். கார்டுக்கும் அப்படித்தான். கணக்குப் போட வேண்டிய சரக்கு பக்கத்து மெமரியிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வழியின் அகலம் 3060-இல் 192, 4060-இல் 128. ஒவ்வொரு தடத்திலும் ஓடும் வேகம் 3060-இல் 15, 4060-இல் 17. பெருக்கி எட்டால் வகுத்தால் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், மறந்திருக்க மாட்டீர்கள்) 3060 நொடிக்கு 360 ஜிபி, 4060 272 ஜிபி. புதுசில் வழி கால் பங்கு குறுகிவிட்டது!

இதைச் சரிக்கட்ட 4060-இல் ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். சிப்புக்குள்ளேயே ஒரு சின்னக் கூடை, அதாவது இரண்டாம் நிலைத் தற்காலிக நினைவகம். 3060-இல் அது 3 எம்பி. 4060-இல் 24 எம்பி. தறி பக்கத்திலேயே தார்க்கூடையைப் பெரிதாக வைத்துவிட்டால் உள் அறைக்கு அடிக்கடி ஓட வேண்டாம். பெரும்பாலான கேம்களுக்கு இது போதும் என்று கேம் ஆடுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். நல்ல யோசனை.

ஆனால் உள் அறையே சின்னதாக இருந்தால்? 3060-இல் அறை 12 ஜிபி. 4060-இல் 8 ஜிபி. இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து வந்த பொருளில் அறை சின்னது. அறை நிரம்பினால் மீதிச் சரக்கைத் தெருவைத் தாண்டி எதிர்வீட்டில், அதாவது கம்ப்யூட்டரின் பொது மெமரியில், வைக்க வேண்டும். அந்தத் தெருவுக்குப் பேர் பிசிஐ எக்ஸ்பிரஸ். 3060 அதில் 16 தடத்தைப் பயன்படுத்தும். 4060 எட்டுத் தடம்தான். புது கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தடமும் வேகமாக இருப்பதால் அவ்வளவு தெரியாது. நம் பையனுடையது பத்தாம் தலைமுறை இன்டெல், பழைய மூன்றாம் பதிப்புத் தெரு. அதில் 16 தடம் என்றால் நொடிக்குப் 16 ஜிபி அளவு, எட்டுத் தடம் என்றால் அதில் பாதி. உள்ளே 272, வெளியே 8. ராஜவீதியிலிருந்து சந்துக்குள் தேரை இழுக்கிற கதை.

சரி, இவ்வளவு மெமரி அவனுக்குத் தேவையா? இங்கேதான் சேலை வருகிறது. வேறு துணியென்றால் மேலே ஒரு படத்தை ஒட்டிவிடலாம். காஞ்சிபுரம் சேலையை அப்படிச் செய்தால் பிளாஸ்டிக் மாதிரி தெரியும். பாவும் ஊடையும் வேறு நிறமாக இருப்பதால் திருப்பத் திருப்ப நிறம் மாறும். கோர்வையில் உடலும் பார்டரும் பிடித்துக்கொள்கிற இடத்தில் தாழம்பூ ரேக்குப் பல் பல்லாக நிற்கும். இதெல்லாம் தெரிய வேண்டுமானால் நூலை நூலாகவே செய்ய வேண்டும். பையன் அப்படித்தான் செய்கிறான், அவன் பிடிவாதம் அவன் தாத்தாவுடையது.

பேச்சு போதும், பரீட்சை வைப்போம் என்று முடிவு செய்தேன். பெங்களூருக்காரன் வீட்டில் 4060 இருக்கிறது, ஒரகடத்துக்காரன் வீட்டில் 3060 இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே வினாத்தாள். பையன் இரண்டு ஃபைல் அனுப்பினான். முதலாவது பார்டர் மட்டும், ஒரு முழத் துணி. இரண்டாவது முழுச் சேலை, மடிப்போடு. மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, மூன்று தடவை ஓட்டி, நடுவில் வருகிற நேரத்தை எழுதச் சொன்னேன்.

முதல் ஃபைல்: 3060 எடுத்தது 64 நொடி, 4060 எடுத்தது 47 நொடி. காகிதக் கணக்கில் வந்த 19 சதவீதத்தைவிட வித்தியாசம் பெரிது. ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிடும் பகுதி புதுசில் மேம்பட்டிருப்பதுதான் காரணம் என்று பையன் விளக்கினான். பெங்களூரிலிருந்து ஒரு சிரிப்புப் படம் வந்தது.

இரண்டாம் ஃபைல் சுமார் 10 ஜிபி மெமரி கேட்டது. 3060 ஆறு நிமிஷத்தில் முடித்தது. 4060 முதல் தடவை 22 நிமிஷம். இரண்டாம் தடவை பாதியில் நின்று, மெமரி போதவில்லை என்று செய்தி காட்டியது. மூன்றாம் தடவை அவன் ஓட்டவே இல்லை. "டீச்சர், ஃபைல்தான் தப்பு" என்றான். பரீட்சை ஹாலில் கேட்ட அதே குரல்.

இது இரண்டு வீட்டில், இரண்டு ஃபைலில் பார்த்தது மட்டும். எல்லா வேலைக்கும் இதே விகிதம் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

4060-இல் இன்னொரு வித்தை உண்டு. டிஎல்எஸ்எஸ் 3 என்று பேர். இரண்டு காட்சிக்கு நடுவில் கார்டே ஒரு காட்சியைக் கற்பனையாக உண்டாக்கிச் செருகும். 3060-இல் இது வராது. விளம்பரங்களில் நொடிக்கு இத்தனை காட்சி என்று போடுகிற பெரிய எண்ணில் இந்தச் செருகலும் சேர்ந்திருக்கும், அதைப் பார்த்து மயங்காதீர்கள். கேமில் ஓடும்போது கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும், அதற்கு மதிப்பு உண்டு. நம் பையன் செய்கிற வேலைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பிளெண்டரில் ஒவ்வொரு காட்சியையும் உண்மையாகவே வரைந்தாக வேண்டும்.

இதை நான் சொன்னபோது பையன் முகம் வாடியது. பிறகுதான் தெரிந்தது, அவனுக்கு மனசுக்குள் 4060 மேல்தான் ஆசை. "ஆயா, ராத்திரி கொஞ்ச நேரம் பசங்களோட ஆடலாம்னு..." என்று இழுத்தான். இருபது வயசுப் பையன், ஆசைப்படாமல் என்ன செய்வான்? இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து, "முழுச் சேலை 3060-லதான் ஓடுது, அதையே வாங்கலாம்" என்றான். அந்த நோட்டை அவன் எடுத்துப் போய்ப் படித்திருக்கிறான், ஓரத்தில் பென்சில் குறி இருந்தது.

வாங்கப் போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பயன்படும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 3060-க்கு மற்ற இடங்களைவிட மூவாயிரம் குறைத்துச் சொன்னார்கள். பெட்டியை வாங்கிப் பார்த்தால் 8 ஜிபி என்று போட்டிருக்கிறது! 2022 கடைசியில் அதே 3060 என்ற பேரிலேயே 8 ஜிபி கார்டும் வந்தது. அதில் வழியும் 192 இல்லை, 128. அதாவது அறையும் சின்னது, வழியும் குறுகல், பெரிய கூடையும் கிடையாது. பேர் மட்டும் ஒன்று. சுத்தப் பட்டு என்று சொல்லி வேறு நூல் கலந்ததைக் கொடுப்பதைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். சேலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிற மாதிரி பெட்டியையும் திருப்பிப் பாருங்கள்.

இன்னொருவர் பழைய 3060 ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். எதிரியம் என்ற டிஜிட்டல் காசைத் தோண்ட இந்தக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் எதிரியம் அந்த முறையையே கைவிட்டது, ஓட்டித் தேய்த்த கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். எது எவ்வளவு ஓடியது என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியாது, வாரண்டியும் இருக்காது. சீட்டுப் பணத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

கடைசியில் புது 3060, 12 ஜிபி, 26,500 ரூபாய். பழைய பவர் சப்ளை தாங்காது, 550 வாட் ஒன்று 3,500. மொத்தம் 30,000. 4060 வாங்கியிருந்தால் கார்டு மட்டுமே 29,800, பவர் சப்ளையோடு சேர்த்தால் சீட்டுப் பணத்தைத் தாண்டியிருக்கும். இதெல்லாம் 2024 ஜனவரியில் நாங்கள் கொடுத்த விலை. இந்த விலைகள் வாரத்துக்கு வாரம் மாறும்.

"அப்ப எங்க பையனுக்கு எது டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு: கேம் ஆட மட்டும், அதுவும் புது கம்ப்யூட்டரில், என்றால் தயங்காமல் 4060. வேகமும் உண்டு, சூடும் குறைவு. படம் வரைவது, பெரிய முப்பரிமாண வேலை, வீட்டிலேயே செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பது என்றால் 3060-இன் 12 ஜிபி. கல்லூரி புராஜெக்டுக்கு என்று சொல்லிக் கேட்கிற பிள்ளைகளிடம் என்ன புராஜெக்ட் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு சின்னச் செய்தி, ஆசைக்குச் சொல்லிக்கொள்கிறேன். கார்டு என்ற சொல்லே நம் தெருவுக்குப் புதுசில்லை. 1804-இல் பிரான்ஸில் ஜக்கார்ட் என்பவர் துளையிட்ட அட்டையால் தறியை நடத்தினார். துளை இருந்தால் நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அதைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டையை யோசித்தார். 1839-இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள், அதற்கு ஏறக்குறைய 24,000 அட்டை பிடித்தது. அதில் ஒன்றை பாபேஜ் வாங்கி வீட்டில் வைத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் அதை அச்சுப்படம் என்று நினைத்தார்களாம். இதைப் பையனிடம் சொன்னபோது, "24,000 அட்டையா, எவ்வளவு மெமரி ஆயா அது?" என்று கேட்டான். கொக்கி எத்தனை என்று தெரிந்தால் பெருக்கிவிடலாம் என்றேன். அது உங்களுக்கும் வீட்டுப்பாடம்.

கார்டு மாட்டி ஏழு வாரம் ஆகிறது. முழுச் சேலைப் படம், பன்னிரண்டு நொடி, முடிந்துவிட்டது. முதலில் பார்த்தது அவன் அப்பா. பேசாமல் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாம் தடவை நிறுத்தச் சொல்லி, திரையில் விரல் வைத்து, "ரேக்கு தலைகீழா இருக்கு பாரு, பல்லு உடல் பக்கம் பார்க்கணும்" என்றார். பையன் பெரிதாக்கிப் பார்த்தான், ஆமாம். இரண்டு பேரும் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து பல்லைத் திருப்பினார்கள். அக்கா இரண்டு தடவை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார்.

படத்தை காந்தி ரோட்டில் ஒரு கடைக்காரரிடம் காட்டியிருக்கிறான். இரண்டு கலர் மாற்றிக் கேட்டிருக்கிறார், பணம் பேசவில்லை. நின்ற தறிக்கு இன்னும் பாவு வரவில்லை. சீட்டுப் பணத்தில் மிச்சம் 2,000, அக்கா முடிச்சில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த சீட்டு ஆடியில் எடுக்கலாமாம், அது பாவுக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியாகிவிட்டது.

கரன்ட் பில் பங்குனியில் வரும். ஏழு வாரத்து மீட்டர் எண்ணை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். என் 13 யூனிட் கணக்கு எவ்வளவு நெருக்கமாக வந்தது என்று கமென்டில் போடுகிறேன்.